காயம் ஆறிய பின்னும் வலி ஆறாதது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக அமைந்திருக்கும் ஊர் மீமிசல். அதன் அக்கம்பக்கத்தில் கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனக் கடலோர ஊர்கள் தொடர்ந்து இருக்கின்றன. இவ்வூர்களிலிருந்து சபர் சென்றவர்கள் விடுமுறையில் திரும்பும்போது, அவர்களுடைய பெட்டிகளில் துணிமணி, அத்தர் இவற்றோடு கோடாலித் தைலக் குப்பிகளும் இருக்கும். "எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், தைலம் மட்டும் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பும் தாய்மார்கள் பலர்.

அந்தத் தைலம் எதற்கு? உள்ளங்கால் எரிச்சலுக்கு, இடுப்புக் கடுப்பிற்கு, என்றோ விழுந்து அடிபட்ட தோளில் இன்றும் விட்டுவிட்டு வரும் குத்தலுக்கு. காயம் ஆறிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு செம்மையாக இருக்கும். இரத்தப் பரிசோதனையில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியாது. ஆயினும் வலி போகாது. சில மாதங்கள் சென்றதும் வீட்டிலுள்ளோர் சலிப்படைவர். "உம்மாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்பார் ஒருவர். "அவர்கள் தாயாருக்கும் இப்படித்தான் இருந்தது; பரம்பரை, என்ன செய்வது?" என்பார் மற்றொருவர்.

இவ்விரண்டு சொற்களுமே நோயாளிக்கு இழைக்கப்படும் அநீதியாகும். முதற்சொல் வலியைப் பொய்யாக்குகிறது. இரண்டாம் சொல் அதனை மாற்ற முடியாத விதியாக்குகிறது. நீண்ட நாள் வலியைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் அறிவியலார் கண்டறிந்திருப்பவை இவ்விரு கருத்துகளையும் மறுக்கின்றன. அக்கண்டுபிடிப்புகளை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

இப்னு ஸீனாவின் கருத்து

வலி என்றால் காயம் இருக்க வேண்டும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. உடலின் தொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்று கிரேக்க மருத்துவ மேதை காலன் கருதினார். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த மாமேதை இப்னு ஸீனா இதனோடு நின்றுவிடவில்லை. அறுபடுதலும் வலிக்கும், அறுபடாமலே ஓர் உறுப்பின் 'மிஸாஜ்', அதாவது அதன் இயல்பு நிலை, திடீரென மாறினாலும் வலிக்கும் என்று அவர் எடுத்துரைத்தார். தமது 'அல் கானூன்' என்னும் பெருநூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரித்தும் காட்டினார்.

காயமின்றியும் வலி உண்டாகலாம், உறுப்பின் உள்நிலை மாறுவதே அதற்குப் போதும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் கூறிய கருத்து. அந்த உள்நிலை மாற்றம் எங்கே, எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை. இன்று அவை உள்ளன.

வலி ஒரு காவலன்

வலி நமக்குப் பகை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது வல்ல இறைவன் நம் உடலில் அமைத்திருக்கும் காவலன். இதனை உலகிற்கு விளக்கிக் காட்டிய இடங்களுள் நம் தமிழகத்து வேலூரும் ஒன்று.

டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். நோயாளிகளோடு பழகிக் கவனித்த பிராண்ட் வேறு ஓர் உண்மையைக் கண்டார். நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழித்துவிடுகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், காலில் ஆணி தைத்தாலும், இரவில் எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயம்பட்டு விரல்கள் அழிகின்றன. வலி என்னும் காவலன் இல்லாமற் போனதே அவர்களுக்கு நேர்ந்த பேரிழப்பு.

இதே பாடம் 2006-இல் பாகிஸ்தானிலிருந்தும் கிடைத்தது. பிறவியிலேயே வலி உணராத சிலரைப் பற்றிய ஆய்வு அவ்வாண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவன் ஒரு சிறுவன். கையில் கத்தியைச் செருகியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவன். பதினான்கு வயது நிறைவதற்குள் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். அவனுடைய உறவினர்களையும் அவர்களைப் போன்ற மற்றக் குடும்பங்களையும் ஆராய்ந்தபோது, ஒரே ஒரு மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. நரம்பணுவுக்குள் சோடியத்தை விடும் நுண்ணிய வாயிலை அமைப்பது அந்த மரபணு. வாயில் இல்லையேல் வலிச் செய்தி புறப்படுவதே இல்லை.

உறங்கிவிடும் காவலனால் வீட்டுக்கு ஆபத்து. திருடன் ஓடி மறைந்த பின்னும் இரவெல்லாம் கூக்குரலிடும் காவலனாலும் வீட்டாருக்கு நிம்மதி இல்லை. நாட்பட்ட வலி என்பது இந்த இரண்டாம் வகை. மூன்று மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலியை மருத்துவ உலகம் இன்று நாட்பட்ட வலி என்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் அதற்கு இடம் அளிக்கப்பட்டுள்ளது.

அந்தக் காவலன் கூக்குரலை நிறுத்தாதது ஏன்? விடை காண, நரம்பணுவின் உள்ளே செல்ல வேண்டும்.

ஒரே புத்தகம், வேறு வேறு பக்கங்கள்

ஒரு வீட்டில் பெரிய சமையல் புத்தகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குரிய பக்கம் நாள்தோறும் திறக்கப்படுகிறது. பெருநாளன்று பிரியாணிப் பக்கம் திறக்கப்படுகிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மிளகு ரசத்தின் பக்கம். புத்தகம் ஒன்றுதான், எழுத்துகளும் மாறவில்லை. எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அன்றைய சமையல் அமைகிறது.

நம் உடலின் உயிரணுக்களும் இவ்வாறே இயங்குகின்றன. மனிதனிடம் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கண்ணிலுள்ள அணுவிலும், ஈரலிலுள்ள அணுவிலும், நரம்பணுவிலும் இருப்பது அதே தொகுதிதான். ஆனால் கண்ணணு தனக்குரிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்துக்கொள்கிறது; நரம்பணு தனக்குரியவற்றை. எந்த மரபணு எப்போது, எந்த அளவு வேலை செய்ய வேண்டும் என்று முறைப்படுத்தும் இந்த ஏற்பாட்டையே மரபணு ஒழுங்கமைப்பு என்கிறோம்.

பக்கங்களைத் திறக்கவும் மூடவும் இறைவன் அமைத்திருக்கும் வழிகள் வியப்புக்குரியவை. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரதக் கண்டுகளில் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. அக்கண்டில் அசெட்டில் என்னும் சிறு அடையாளம் ஒட்டினால் சுற்று தளர்ந்து பக்கம் திறக்கும். டி.என்.ஏ.வின் மீது மெத்தில் என்னும் அடையாளம் ஒட்டினால் பெரும்பாலும் பக்கம் மூடிக்கொள்ளும். எழுத்து ஒன்றும் அழிவதில்லை. முத்திரைதான் இடப்படுகிறது. இடப்பட்ட முத்திரை பல ஆண்டுகள் நிலைத்தும் இருக்கலாம், நீக்கப்படவும் கூடும்.

நரம்பில் மூடப்பட்ட பக்கங்கள்

கை கால்களிலிருந்து வலியைச் சுமந்துவரும் நரம்பணுக்களின் தலைமை இடம் முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் சிறு முடிச்சுகளில் உள்ளது. நரம்பு நசுங்கினாலோ அறுபட்டாலோ அச்செய்தி அந்த முடிச்சுகளை எட்டுகிறது. உடனே அங்கே பக்கங்கள் மாறத் தொடங்குகின்றன.

நரம்பணுவில் அதனை முடுக்கும் வாயில்களும் உண்டு. தணிக்கும் வாயில்களும் உண்டு. பொட்டாசியத்தை வெளியேற்றும் வாயில்கள் தணிப்பவை. குதிரைக்குக் கடிவாளம் போன்றவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், ஹூய்-லின் பான் என்பவரின் குழுவினர் எலிகளிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நரம்பு காயம்பட்டதும், மூடு முத்திரை இடும் ஜி-9-ஏ என்னும் நொதி, பொட்டாசிய வாயில்களுக்குரிய மரபணுக்களை மூடிவிடுகிறது என்பதை அவர்கள் கண்டனர். கடிவாளம் அறுந்த நரம்பு, தூண்டுதல் இல்லாமலே வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அந்த நொதியின் செயலைத் தடுத்தபோது, மூடப்பட்டிருந்த 42 மரபணுக்களில் 40 மீண்டும் திறந்துகொண்டன. நொதிக்குரிய மரபணுவையே அந்த நரம்பணுக்களிலிருந்து நீக்கிவிட்டால், காயம்பட்ட எலிகளிடம் நாட்பட்ட வலி தோன்றவே இல்லை. காயம் அதே காயம்தான். முத்திரை விழுந்ததா, விழவில்லையா என்பதே வலி தங்குமா, நீங்குமா என்பதைத் தீர்மானித்தது.

நரம்புக் காயத்தால் மூடப்படும் பக்கங்களுள் மார்பின் போன்ற மருந்துகளை ஏற்றுக்கொள்ளும் புரதத்தின் பக்கமும் ஒன்று. வழக்கமான காய வலிக்கு நன்கு பயன்படும் அம்மருந்து, நரம்பு வலியில் போதிய பயன் தராமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து கொடுத்தும் குறையவில்லை என்று நோயாளி சொன்னால், அது நடிப்பு என்று முடிவு கட்டிவிடலாகாது.

மாற்றம் நரம்பு முடிச்சோடு நிற்பதில்லை. தொடர்ந்து வரும் வலிச் செய்திகளால் தண்டுவடமே கூர்மையடைந்து, சாதாரணத் தொடுதலையும் வலியாகப் பெருக்கிக் காட்டுகிறது என்பதை லண்டனில் கிளிஃபோர்டு உல்ஃப் 1983-இலேயே நிறுவினார். போர்வை உரசினாலும் கால் எரிகிறது என்று முதியவர்கள் கூறுவதன் பொருள் இதுவே.

பரம்பரை என்று கைவிரிப்போருக்கும் விடை உண்டு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடம் மரபணுக்கள் ஒன்றாகவே இருக்கும். வெப்பத்தால் உண்டாகும் வலியைத் தாங்குவதில் ஒருவருக்கொருவர் வேறுபட்ட 25 இரட்டையர் இணைகளை லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் ஆராய்ந்தனர். ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. வலியை உணரும் ஒரு மரபணுவின் மீது இடப்பட்டிருந்த மெத்தில் முத்திரைகள் அவர்களுக்குள் வேறுபட்டிருந்தன. புத்தகம் ஒன்றாயினும் திறந்த பக்கங்கள் வேறு. தாய்க்கு இருந்த வலி மகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

சர்க்கரை விட்டுச்செல்லும் நினைவு

நம் வீடுகளில் கால் எரிச்சலுக்கு முதன்மையான காரணம் நீரிழிவு. 1948-இல் பேராசிரியர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியபோது, அது வசதி படைத்தோரின் நோயாகக் கருதப்பட்டது. இன்று நிலைமை வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மருத்துவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்காக நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது.

மிகுந்த சர்க்கரை நுண்ணிய நரம்புகளைச் சிதைக்கிறது. சிலருக்குக் கால் மரத்துப்போகிறது; சிலருக்கு எரிகிறது; பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. "இப்போதுதான் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேனே, பின்னும் ஏன் எரிகிறது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான்.

அதற்கான விடையின் ஒரு பகுதி அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நீரிழிவாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் உள்ளது. ஒரு பிரிவினர் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். மற்றவர் அக்கால வழக்கப்படி மருந்து எடுத்தனர். ஆய்வு முடிந்த பின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தோருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புகள் குறைவாகவே இருந்தன. உடல் பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருந்தது.

இந்த நினைவு எங்கே பதிந்துள்ளது என்று தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, கலிஃபோர்னியாவின் 'சிட்டி ஆஃப் ஹோப்' நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துவரும் ரமா நடராஜன். அதே ஆய்வில் பங்கேற்றோரின் இரத்த அணுக்களை அவர் குழுவினர் சோதித்தனர். கட்டுப்பாடின்றி இருந்து கண், சிறுநீரகப் பாதிப்புகள் முற்றியவர்களிடம் ஹிஸ்டோன் அடையாளங்களும் மெத்தில் முத்திரைகளும் வேறுபட்டிருந்ததை 2014-ஆம், 2016-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். பழைய சர்க்கரையின் சுவடு மரபணு முத்திரைகளாகத் தங்கியிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. நீரிழிவு தெரியவந்த முதல் சில ஆண்டுகள் பொன்னான காலம். "இனிப்பைக் கொஞ்சம் குறைத்தால் போதும், மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் உடலின் புத்தகத்தில் முத்திரையாக விழக்கூடும்.

ஸ்காட்லாந்து தந்த நம்பிக்கை

முத்திரையை மாற்றினால் வலி மாறும் என்பதற்கு மனிதரிடமே ஒரு சான்று கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ஜோ கேமரான் என்னும் பெண்மணிக்கு அறுபத்தைந்து வயதைக் கடந்த பின் கையில் அறுவை செய்யப்பட்டது. கடும் வலி தரும் அந்த அறுவைக்குப் பிறகும் அவர் வலி மருந்து கேட்கவில்லை. மயக்க மருந்து வல்லுநர் டாக்டர் தேவ்ஜித் ஸ்ரீவாஸ்தவா இதைக் கண்டு வியந்து, லண்டன் ஆய்வாளர்களிடம் அவரை அனுப்பி வைத்தார்.

நம் உடலே உண்டாக்கும் வலி தணிக்கும் பொருள் ஒன்று உள்ளது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்னும் இந்தியச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். அப்பொருளைச் சிதைப்பதற்கு உடலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிக்குரிய மரபணுவை அடுத்து, முன்பு பயனற்றதென எண்ணப்பட்டிருந்த ஒரு பகுதி அப்பெண்மணிக்கு அறுபட்டிருந்தது. அப்பகுதிதான் நொதியின் பக்கத்தைத் திறந்து வைக்கும் பணியைச் செய்துவந்தது என்பதை 2019-இலும் 2023-இலும் வந்த ஆய்வுகள் காட்டின. அது அறுபட்டதால் நொதி குறைந்தது. வலி தணிக்கும் பொருள் மிகுந்தது.

இத்தகைய வழிகளில் மருந்துகளை உருவாக்க முயற்சிகள் நடந்து வருகின்றன. சோடிய வாயில்களைப் பற்றிய ஆராய்ச்சியின் பயனாக, அத்தகைய வாயில் ஒன்றை மட்டும் அடைக்கும் புதிய மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதல் அறுவை போன்றவற்றால் வரும் திடீர் வலிக்கு மட்டுமே உரியது. மரபணு முத்திரையை மாற்றி நாட்பட்ட வலியைத் தீர்ப்பதாக யாரேனும் விளம்பரம் செய்தால், நம் சகோதர சகோதரிகள் ஏமாந்துவிட வேண்டாம்.

இன்று நம் கையில் இருப்பவை

புதிய மருந்துகள் வரும்வரை வழியே இல்லை என்று எண்ண வேண்டியதில்லை. நரம்பு வலிக்கென மருத்துவர்கள் இன்று எழுதித் தரும் மாத்திரைகள் பலருக்குப் பயன் தருகின்றன. இவற்றுள் சில முதலில் வலிப்பு நோய்க்காகவும், சில மனச்சோர்வுக்காகவும் உருவாக்கப்பட்டவை. மிகைத் துடிப்புக் கொண்ட நரம்பைத் தணிக்கும் தன்மை இருப்பதால் வலிக்கும் தரப்படுகின்றன. படித்த பிள்ளை மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "இது மனநோய் மாத்திரையாயிற்றே!" என்று அலறி நிறுத்திவிடுவது நம் வீடுகளில் நடக்கிறது. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது நரம்பு வலிக்குப் பெரிதும் பயன்படாது. நீரிழிவாளருக்கு அது சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். என்ன மருந்தென்று சொல்லாமல் போடப்படும் 'கால்வலி ஊசி'யும் பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியும் வேண்டவே வேண்டாம்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் வீடு தேடி மருந்து கொண்டு செல்வதற்கென 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் திறக்கப்பட்டது. கடலோர ஊர்களில் வாழ்வோர் இவற்றைப் பற்றி விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மரத்துப்போன கால்களைக் காப்பதில் நம் மார்க்கக் கடமைகளோடு தொடர்புடைய சில செய்திகளும் உள்ளன. ஒளூவுக்கு வெந்நீர் பயன்படுத்தும்போது, கால் மரத்தவர் தம் காலால் சூட்டைச் சோதிக்கக் கூடாது. வீட்டிலுள்ள மற்றொருவர் கையால் தொட்டுப் பார்த்துத் தர வேண்டும். ஒளூ செய்தபின் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். அப்படிச் செய்யும் வேளையில் பாதத்தில் கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். நாளுக்கு ஐந்து முறை இந்த வாய்ப்பை இறைவன் நமக்குத் தந்திருக்கிறான். நண்பகலில் கொதிக்கும் பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. ஹஜ், உம்ரா சென்றவர்கள் செருப்பைத் தொலைத்துவிட்டு வெயில் ஏறிய தளத்தில் நடந்து, பாதம் வெந்த பின்னும் உணராமல் இருந்த நிகழ்ச்சிகள் உண்டு.

நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவாளர், ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் சரிசெய்துகொள்வது அவசியம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்தவாறு தொழலாம். இது ஷரீஅத் அளித்திருக்கும் சலுகை. இருக்கையில் அமர்ந்து தொழும் பெரியவரைப் பார்த்து, "நடந்துதானே வந்தார், நின்றால் என்ன?" என்று முணுமுணுப்போர், வெளியே தெரியாத வலியும் வலியே என்பதை உணர வேண்டும்.

அன்பும் ஒரு மருந்து

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சில தாய் எலிகள் தம் குட்டிகளை அடிக்கடி நக்கிப் பேணும். சில அவ்வாறு செய்வதில்லை. நன்கு பேணப்பட்ட குட்டிகளின் மூளையில், அச்சத்தையும் பதற்றத்தையும் அடக்க உதவும் ஒரு மரபணுவின் மேல் மெத்தில் முத்திரைகள் குறைவாக இருந்தன. அவை அமைதியாக வளர்ந்தன. பேணாத தாய்க்குப் பிறந்த குட்டியைப் பேணும் தாயிடம் வளரவிட்டால், அது வளர்த்த தாயின் குட்டியைப் போலவே ஆயிற்று.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனால் ஓர் உயிர் பெறும் பரிவு, அதன் மரபணுக்கள் வாசிக்கப்படும் முறையைத் தொடக்கூடும் என்பதை அவ்வாய்வு காட்டிற்று. அச்சமும் உறக்கமின்மையும் தனிமையும் வலியைக் கூட்டுகின்றன என்பதை மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். சபர் சென்ற மகன் அனுப்பும் தைலம் நல்லதுதான். "இன்று வலி எப்படி இருக்கிறது, உம்மா?" என்று தொலைபேசியில் கேட்டு, சொல்வதை முழுவதும் பொறுமையாகச் செவிமடுப்பது அதனினும் நல்லது. வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்பதை வலி ஆய்வாளர்களின் உலகச் சங்கமும் 2020-இல் தான் திருத்தி வெளியிட்ட வரையறையில் சேர்த்துள்ளது.

பொறுமை என்றால் வலியை வாய்விட்டுச் சொல்லாதிருப்பது என்று நம் பெண்கள் பலர் எண்ணுகின்றனர். பொறுமைக்கே எடுத்துக்காட்டாக விளங்கிய நபி ஐயூப் (அலை) அவர்கள், தமது துன்பத்தைத் தம் இறைவனிடம் எடுத்துரைத்தார்கள். அவர்களுக்கு நிவாரணமாகக் குளிர்ந்த நீரூற்று காட்டப்பட்டது. அதில் குளிக்கவும் பருகவும் பணிக்கப்பட்டார்கள். சொல்வதும், நிவாரணம் தேடுவதும் பொறுமைக்கு முரணானவை அல்ல. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

ஆகவே, மூன்று மாதங்களைக் கடந்தும் வலி நீடித்தால் அதை வெளியில் சொல்லுங்கள், மருத்துவரை நாடுங்கள். வீட்டில் ஒருவர் வலி என்று சொன்னால் நம்புங்கள். அவருடைய நரம்புகளில் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் படைத்தவனுக்குத் தெரியும். மூடிய பக்கங்களைத் திறக்கும் வழியும் அவன் அருளால் சிறிது சிறிதாக மனிதனுக்குப் புலப்பட்டு வருகிறது.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணுவோருக்கு நீங்காத பொறுமையையும் நிறைந்த நற்கூலியையும் அளிப்பானாக! ஆமீன்.